நன்கொடைக்காக நீந்துதல்: பிரிட்டனில் முதன்முறையாக இறங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

மாரத்தான் ஓடி நன்கொடை திரட்டுவது பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. நீச்சல் பக்கம் வருபவர்கள் இன்னும் குறைவு. வருகிறவர்கள் கேட்பதில் பாதி தண்ணீரைப் பற்றியது, மறுபாதி பணத்தைப் பற்றியது. பணத்தைப் பற்றிய கேள்விகளைத்தான் எல்லோரும் தயங்கித் தயங்கி, கடைசியில், தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். அதனால் இங்கே அவற்றுக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

நான் நீந்துவதற்கு மற்றவர்கள் ஏன் பணம் தர வேண்டும்?

ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. பணம் தர நினைப்பவர் நேரடியாகத் தொண்டு நிறுவனத்துக்கே தந்துவிடலாமே, நடுவில் ஒருவர் எதற்காக மூச்சு வாங்க வேண்டும்?

பதில் எளியது: கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. சும்மா போய் "புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் தாருங்கள்" என்றால் பார்க்கலாம் என்பார்கள். "ஐந்து கிலோமீட்டர் நீந்தப் போகிறேன், மே மாதம், இன்ன நீச்சல் குளத்தில்" என்றால், அதில் ஒரு நாளும் ஓர் உழைப்பும் இருக்கின்றன. அலகு குத்துவதும் காவடி எடுப்பதும் நமக்குப் புதிதல்ல. உடலை வருத்தி ஒன்றை நேர்ந்துகொள்வது இங்கே வேறு வடிவத்தில் நடக்கிறது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தாரிடம் "எனக்கு ஸ்பான்சர் செய்கிறீர்களா?" என்று கேட்டு வளர்கிறார்கள்.

எனக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும். பெயர் கொடுக்கலாமா?

நிற்காமல் எட்டு லெங்த், அதாவது 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர், நீந்த முடிந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவது ஒரு லெங்த். போய்த் திரும்பினால் இரண்டு.

நம்மில் பலருக்குக் கிணற்றிலோ ஆற்றிலோ பழகிய நீச்சல் உண்டு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நீச்சலில் பயம் இருக்காது, ஆனால் தலையைத் தூக்கியே வைத்திருப்பார்கள். தலை மேலே இருந்தால் கால் கீழே போகும். இருபது லெங்த்துக்குள் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை உள்ளேயே மெதுவாக விடக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான வகுப்புகள் அநேகமாக எல்லாப் பொதுக் குளங்களிலும் உள்ளன. வகுப்புக்குப் போக வெட்கப்படுகிறவர்கள் அதிகம். அங்கே வருகிற எல்லோருமே தெரியாததால்தான் வருகிறார்கள்.

கடப்பாரை நீச்சல்காரர்கள், அதாவது இறங்கியதும் நேரே அடிக்குப் போகிறவர்கள், இந்த வருடம் வகுப்பு, அடுத்த வருடம் சவால் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எந்தச் சவாலைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று வகை உண்டு. மூன்றும் மூன்று விதமான ஆட்களுக்கு.

முதல் வகை, ஒரே நாளில் முடிவது. ஸ்விமத்தான் இதில் மூத்தது. 1986 முதல் நடக்கிறது. நாடெங்கும் உள்ள உள்ளூர்க் குளங்களில் ஒரே வார இறுதியில் மக்கள் நீந்துவார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (தவளை நீச்சலில்) தங்கம் வென்ற டங்கன் குட்ஹியூ பல வருடங்களாக அதன் முகமாக இருக்கிறார். தூரம் உங்கள் விருப்பம். 1.5 கிலோமீட்டர் என்றால் 60 லெங்த், 2.5 என்றால் 100, ஐந்து என்றால் 200. ஒரு லெங்த்துக்கு ஒரு நிமிடம் எடுப்பவருக்கு ஐந்து கிலோமீட்டர் மூன்று மணி இருபது நிமிடம். பெயர் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பலர் போடுவதில்லை.

இரண்டாவது வகை, தூரத்தைத் தவணையில் கட்டுவது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள கடலான இங்கிலீஷ் கால்வாயின் அகலமாக ஏறத்தாழ 22 மைலை எடுத்துக்கொண்டு, அதைச் சில மாதங்களில் உங்கள் ஊர்க் குளத்திலேயே நீந்தி முடிக்க வேண்டும். தண்டுவடம் பாதித்து நடக்க முடியாமல் போனவர்களுக்கு உதவும் ஆஸ்பயர் நிறுவனம் இதை இலையுதிர்காலத்தில் 12 வாரங்களாக நடத்துகிறது. டயபெட்டிஸ் யுகே நடத்தும் 'ஸ்விம் 22' மூன்று மாதம். வேலை, பிள்ளைகள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் அடுத்த வாரங்களில் சரிக்கட்டலாம். யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மாட்டார்கள்.

மூன்றாவது வகை ஏரியும் கடலும். விண்டர்மியர் ஏரியில் ஜூன் மாதம் நடக்கும் கிரேட் நார்த் ஸ்விம், லண்டன் ஹைட் பார்க்கின் செர்ப்பன்டைன் ஏரியில் செப்டம்பரில் நடக்கும் நீச்சல் ஆகியவை பெயர்பெற்றவை. படத்துக்கு அழகு. ஆனால் முதல் வருடமே இதில் குதிக்க வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் கீழே, குளிரைப் பற்றிய பதிலில்.

எதை எடுத்தாலும், உங்களுக்குக் கடினமான தூரத்தை எடுங்கள். கேட்பவர்களுக்குப் பிரமிப்பாக இருக்கும் தூரத்தை அல்ல. பத்து வருடமாக நீரில் இறங்காத அம்மா 60 லெங்த் நீந்துகிறார் என்றால் அவரைத் தெரிந்தவர்கள் அனைவரும் கொடுப்பார்கள். வாராவாரம் மூன்று கிலோமீட்டர் போகிற இளைஞர் அதே 60 லெங்த்துக்குப் பணம் கேட்டால் அவருடைய நண்பர்களே சிரிப்பார்கள்.

எனக்குத் தவளை நீச்சல் மட்டுமே தெரியும். பரவாயில்லையா?

பரவாயில்லை. 1875 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த கேப்டன் மேத்யூ வெப் அந்த 21 மணி 45 நிமிடமும் போனது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில்தான், அதாவது நம் தவளை நீச்சலில். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அந்த உதை முழங்காலின் உள்பக்கத்தைப் பிடிக்கும். நான்கு லெங்த்துக்கு ஒருமுறை மல்லாந்து நீந்திக் கால்களை மாற்றுங்கள்.

22 மைலை 12 வாரத்தில் முடிப்பது எப்படி?

22 மைல் என்பது 35.4 கிலோமீட்டர்; 25 மீட்டர் குளத்தில் 1,416 லெங்த். வாரத்துக்கு 118. வாரம் மூன்று முறை போனால் ஒவ்வொரு முறையும் 40, அதாவது ஒரு கிலோமீட்டர். மெதுவாக நீந்துபவருக்கும் முக்கால் மணி நேரம் போதும். உடை மாற்றி, தலை உலர்த்தி, வீடு திரும்பும் நேரம் சேர்த்தால் ஒன்றரை மணி. அந்த ஒன்றரை மணியை வீட்டில் யார் ஈடுகட்டுவது என்பதை முதல் வாரத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். பாதியில் விடுபவர்களில் பெரும்பாலோர் கை ஓய்ந்து விடுவதில்லை; வீட்டில் முணுமுணுப்பு கிளம்பித்தான் விடுகிறார்கள்.

முதல் மூன்று வாரம் 40 லெங்த்தை ஒரே மூச்சில் போக முயல வேண்டாம். பத்துப் பத்தாகப் பிரித்து நடுவில் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்து நில்லுங்கள். பிறகு இருபது இருபதாக. வேகம் யாருக்கும் தேவையில்லை. தோள் வலித்தால் அன்றைக்குக் மிதக்கும் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு உதைத்தே சில லெங்த் போங்கள். வலி மூன்று நாளைத் தாண்டினால் ஒரு வாரம் நிறுத்துங்கள். இந்த ஒரு வாரத்துக்கு இடம் வைத்துத்தான், அதாவது 11 வாரத்தில் முடிக்க ஒவ்வொரு முறையும் 43 லெங்த் என்று, தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்; பன்னிரண்டு வாரத்தையும் நிரப்பிக் கணக்குப் போட்டால் ஒரு ஜலதோஷம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும்.

எண்ணிக்கை தவறுவதுதான் பெரிய தொல்லை. 27-ஆ 29-ஆ என்று குழம்பும்போது குறைவான எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். லெங்த் எண்ணும் கைக்கடிகாரங்கள் உண்டு. அவையும் சுவரில் சற்று நேரம் நின்றால் தவறும். உங்கள் குளத்தின் நீளத்தையும் கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய குளங்களில் சில 33⅓ மீட்டர். அங்கே 30 லெங்த்திலேயே கிலோமீட்டர் முடிந்துவிடும்.

லேனில் மற்றவர்களுடன் எப்படி நீந்துவது?

குளத்தை நீளவாக்கில் பிரித்த ஒவ்வொரு லேனுக்கும் மெதுவானது, நடுத்தரம், வேகமானது என்று பலகை வைத்திருப்பார்கள். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறியும் இருக்கும். உங்களுக்குப் பின்னால் வருபவர் காலைத் தொட்டால் அது சண்டை இல்லை, "சுவரில் வழிவிடுங்கள்" என்று பொருள். ஓய்வெடுக்கும்போது சுவரின் நடுவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்குங்கள். இதைத் தவிரப் பெரிய சட்டம் ஒன்றும் இல்லை.

நீச்சல் உடை அணியக் கூச்சமாக இருக்கிறது. வழி உண்டா?

உண்டு. முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ மூடும் நீச்சல் உடைகளும் நீண்ட கையுள்ள மேலாடைகளும் கடைகளில் கிடைக்கின்றன. நீச்சலுக்கென்று செய்த துணியாக இருந்தால் பொதுக் குளங்களில் பெரும்பாலும் மறுப்புச் சொல்வதில்லை. பருத்தித் துணி மட்டும் ஆகாது. நீரை உறிஞ்சிக் கீழே இழுக்கும். பல ஊர்களில் பெண்களுக்கு மட்டுமான நேரங்கள் உண்டு. சிலவற்றில் உயிர்காப்பாளரும் பெண்ணாகவே இருப்பார். வரவேற்பு மேசையில் நேரடியாகக் கேளுங்கள், தினமும் கேட்கப்படும் கேள்விதான் அது. தவணை முறைச் சவாலில் இன்னொரு வசதி, எந்த நேரத்தில் நீந்தினாலும் கணக்கில் சேரும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கலாமா?

கூடாது. குளோரின் முடியைக் கெடுக்கும் என்று நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து அனுப்புகிறார்கள். அந்த எண்ணெயும், வியர்வையும், உடம்பில் பூசிய கிரீமும்தான் குளோரினைத் தின்கின்றன. 'குளோரின் நாற்றம்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த அழுக்கோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி. கண் எரிவதும் அதனால்தான். இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்து, தலைமுடியை நல்ல தண்ணீரில் நனைத்து, தொப்பி அணியுங்கள். நனைந்த முடி குளத்து நீரைக் குறைவாகவே குடிக்கும். எண்ணெய்க் குளியலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. நீந்தலாமா?

உங்கள் ஜி.பி. மருத்துவரிடம் கேட்டு நீந்தலாம். கேட்காமல் தொடங்க வேண்டாம். தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவும் இதய நோயும் பிரிட்டனின் வெள்ளையரைவிட அதிகமாகவும் இளம் வயதிலும் வருவது தெரிந்த விஷயம். நாற்பதைத் தாண்டியவர்கள், மருந்து எதுவும் எடுக்காதவர்களும்கூட, ஒருமுறை சோதித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீரில் ஒரு தனிச் சிக்கல். சர்க்கரை இறங்கும்போது வரும் வியர்வையும் நடுக்கமும் நீரில் தெரியாது. இறங்கும் முன் அளவு பாருங்கள், குளுக்கோஸ் மாத்திரையைக் குளத்தின் ஓரத்தில் வையுங்கள், உயிர்காப்பாளரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஏரியில் நீந்துவதற்கும் குளத்தில் நீந்துவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

குளிர். மற்றதெல்லாம் பிறகு.

குளத்து நீர் 28 டிகிரி அளவில் இருக்கும். விண்டர்மியர் ஜூன் மாதத்திலும் 15 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கக்கூடும். குளிர்ந்த நீரில் திடீரென இறங்கினால் உடல் தானாக ஒரு பெருமூச்சை இழுக்கும், மூச்சு தாறுமாறாகும், இதயம் படபடக்கும். நன்றாக நீந்துபவர்கள் மூழ்குவது பெரும்பாலும் இந்த முதல் சில நிமிடத்தில்தான். அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் ஒரு வாய்த் தண்ணீர் போதும். கடலில் உயிர்காக்கும் பணி செய்யும் ஆர்.என்.எல்.ஐ. நிறுவனம் சொல்லும் வழி, மிதப்பது: தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நனைய மல்லாந்து, மூச்சு சீராகும் வரை கைகால்களை லேசாக அசைத்துக்கொண்டிருங்கள். ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அதன் பிறகு நீந்துங்கள்.

இதற்கு உடலைப் பழக்கலாம். கோடையில் உயிர்காப்பாளர் உள்ள ஏரிகளில் வாரம் ஒருமுறை, முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து என்று. தனியாக ஒருபோதும் வேண்டாம். வெட்சூட், அதாவது உடலோடு ஒட்டியிருக்கும் ரப்பர் நீச்சல் உடை, குளிரைக் குறைக்கும், மிதக்கவும் வைக்கும். ஆனால் கழுத்தையும் தோளையும் இறுக்குவதால் அதை அணிந்து ஏற்கெனவே நீந்தியிருக்க வேண்டும். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் பளிச்சென்ற நிற மிதவை ஒன்றையும் வாங்குங்கள். வெளியே வந்த பிறகும் பத்து இருபது நிமிடத்துக்கு உடல் உட்சூடு இறங்கிக்கொண்டே போகும். உடனே ஈர உடையைக் களைந்து, துடைத்து, அடுக்கடுக்காக உடுத்தி, சூடாக எதையாவது மெதுவாகக் குடியுங்கள். சுடுநீர்க் குளியலுக்கு ஓடினால் மயக்கம் வரலாம்.

ஆற்று நீர் இன்னொரு விஷயம். நகைச்சுவை நடிகர் டேவிட் வாலியம்ஸ் 2011-இல் நன்கொடைக்காகத் தேம்ஸ் நதியில் 140 மைல் நீந்தினார். எட்டு நாள் நீச்சலில் வயிறு கெட்டுப் படாதபாடு பட்டார். காயம் இருந்தால் நீர்புகாத ஒட்டுப் போடுங்கள். பெருமழைக்கு மறுநாள் ஆற்றில் இறங்காதீர்கள்.

இங்கிலீஷ் கால்வாயையே நீந்திக் கடக்க ஆசை. சாதாரண ஆளால் முடியுமா?

முடிந்திருக்கிறது. அதே வாலியம்ஸ் 2006-இல் 10 மணி 34 நிமிடத்தில் கடந்து, பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார். 1994-இல் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் கடந்தார். ஆனால் அவர் அதற்காகவே பயிற்சி பெற்ற சிறுவன். வாலியம்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனமும் மாதக்கணக்கான பயிற்சியும் இருந்தன.

தனியாகக் கடக்க விரும்புபவர் 16 டிகிரியோ அதற்குக் கீழோ உள்ள நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். வெட்சூட் கிடையாது. சாதாரண நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, உடம்பில் பூசும் கொழுப்பு, அவ்வளவுதான். உடன் வரும் படகுக்குச் சில ஆயிரம் பவுண்ட். நேர்கோட்டில் 21 மைல். ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுப்பதால் நீந்தும் தடம் அதைவிட நீளம். உலகில் கப்பல் நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் அது ஒன்று. ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு மணி நேரமாக மாறி மாறி நீந்தும் தொடர் நீச்சலும் உண்டு. அதில் வரிசை மாறக்கூடாது, ஒருவர் தம் முறையில் இறங்காவிட்டால் முழு அணியின் முயற்சியும் முடிந்துவிடும். நண்பர்கள் குழு ஒன்று இரண்டு வருடம் ஒதுக்கத் தயாராக இருந்தால் இது எட்டக்கூடிய தூரம்தான்.

நம்மவர்களுக்கு இந்தக் கால்வாயோடு ஒரு துயரத் தொடர்பும் உண்டு. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன், 1971-இல் பாக்கு நீரிணையைப் போகவரக் கடந்தவர், 1984 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். அவரைவிட நீருக்குப் பழகியவர்கள் நம்மில் யார்? படகோட்டி "போதும், ஏறுங்கள்" என்றால் வாதாடாமல் ஏற வேண்டும். நன்கொடை தந்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்த நேரத்தில் தலையில் இருக்கவே கூடாது.

பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

நீந்துவதைவிடக் கடினமான பகுதி இதுதான். கை நீட்டுவது இழுக்கு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கல்யாணத்தில் மொய் எழுதக் கூசுவதில்லை, கோயில் கும்பாபிஷேகத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு வீடுவீடாகப் போகக் கூசுவதில்லை. ஆனால் நன்கொடை திரட்ட நம் பெயரில் திறந்த இணையப் பக்கத்தின் இணைப்பை அனுப்பும்போது விரல் நின்றுவிடுகிறது. உங்களுக்காகக் கேட்கவில்லை என்பதை நீங்கள் முதலில் நம்ப வேண்டும். நன்கொடையாளர் அனுப்பும் பணம், அனுப்பிய கணத்திலிருந்து தொண்டு நிறுவனத்துடையது. உங்கள் கையில் ஒரு நிமிடமும் தங்குவதில்லை. ஜஸ்ட்கிவிங் போன்ற தளத்தில் பக்கம் திறந்தால் அது நேரடியாக நிறுவனத்துக்கே போகிறது. இந்த ஒரு வரியை உங்கள் செய்தியிலும் எழுதுங்கள், கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் மனம் லேசாகும்.

செய்முறையாகச் சில. 180 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போடும் செய்திக்குக் கட்டைவிரல் படங்கள் வரும், பணம் வராது. ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி, இரண்டு வரி எழுதுங்கள். முதலில் நீங்களே ஒரு தொகை போட்டுவிடுங்கள். அடுத்து, தாராள மனமுள்ள மூன்று நான்கு பேரைக் கேளுங்கள்; பக்கத்தில் முதலில் தெரியும் தொகையைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர்கள் தங்கள் தொகையை முடிவு செய்கிறார்கள். முதல் ஆள் ஐந்து பவுண்ட் போட்டால் வரிசையாக ஐந்து ஐந்தாகவே வரும். மொய்ப் புத்தகம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் இந்த நிறுவனம் என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். "அப்பாவுக்கு நீரிழிவால் ஒரு கால் போனது" என்று எழுதினால் போதும், நாலு பத்தி வேண்டாம். நீச்சல் முன்னேற்றத்தை இரு வாரத்துக்கு ஒருமுறை சொல்லுங்கள். தினம் சொன்னால் உங்களை ஒலியடக்கி வைத்துவிடுவார்கள். ஒருவரை இரண்டு முறைக்கு மேல் கேட்க வேண்டாம். கொடுக்காதவரிடம் கோபமும் வேண்டாம். அவருடைய மாதக் கணக்கு நமக்குத் தெரியாது.

கிஃப்ட் எய்ட் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது என்ன?

பிரிட்டனில் வருமான வரி கட்டும் ஒருவர் ஒரு பவுண்ட் கொடுத்தால், அதன் மேல் 25 பென்ஸை நிறுவனம் அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு. கொடுப்பவருக்குக் கூடுதல் செலவில்லை. இருபது பவுண்ட் இருபத்தைந்தாகும். பெட்டியில் ஒரு குறி போட வேண்டும், அவ்வளவுதான். மறந்தால் அந்த ஐந்து பவுண்ட் போனது போனதுதான்.

காகிதப் படிவத்தில் வாங்குவதானால் கொடுப்பவர் தம் முழுப் பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு ஆகியவற்றைத் தாமே எழுதிக் குறியிட வேண்டும். "குமார் அங்கிள், 20 பவுண்ட்" என்று நீங்கள் எழுதியது செல்லாது. அலுவலக முகவரியும் செல்லாது. வரி கட்டாதவர்கள் குறியிடக் கூடாது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அனுப்பும் உறவினர்கள் பிரிட்டனில் வரி கட்டாதவரை அவர்களுக்கும் இது பொருந்தாது. உண்டியலில் கூட்டாகச் சேர்ந்த பணத்தை உங்கள் பெயரில் போட்டுக் குறியிடுவதும் தவறு, அது உங்கள் பணம் இல்லை.

லெங்த்துக்கு இவ்வளவு என்று வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் உச்சவரம்பு சொல்லிவிடுங்கள். "லெங்த்துக்கு ஒரு பவுண்ட்" என்று பெருந்தன்மையாகச் சொன்ன சித்தப்பா, இருபதோ முப்பதோ போவாய் என்று நினைத்திருப்பார். 200 முடித்துவிட்டுப் போய் நின்றால் அடுத்த தீபாவளி வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார். மொத்தத் தொகையாக வாங்குவது உறவுக்கு நல்லது.

பதிவுக் கட்டணம், வெட்சூட், பயணச் செலவை நன்கொடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நான் சற்றும் விட்டுக்கொடுக்காத இடம் இது. தொண்டுக்கென்று சொல்லி வாங்கியதைத் தொண்டுக்கே தர வேண்டும். சொந்தச் செலவைச் சமாளிக்க முடியாவிட்டால் சிறிய சவாலை எடுங்கள். உள்ளூர்க் குளத்துக்கு நுழைவுக் கட்டணமும் ஒரு நீச்சல் கண்ணாடியும் போதும். வெளிநாட்டுக் கடற்கரையில் நீச்சல், அதற்கான விமானச் செலவு திரட்டும் தொகையிலேயே அடக்கம் என்று வரும் விளம்பரங்களைப் பார்த்தால் நன்றாகப் படியுங்கள். உங்களுக்குக் கொடுத்தவர்கள் உங்கள் விடுமுறைக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியுமா?

குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருக்கிறார்கள். எட்டாவிட்டால்?

புகழ்பெற்ற நிகழ்வுகளில் தொண்டு நிறுவனங்கள் இடங்களை முன்பே பணம் கொடுத்து வாங்கி, அவற்றைத் தொகை உறுதியளிப்பவர்களுக்குத் தருகின்றன. சில நிறுவனங்கள் குறையும் தொகையை உங்களிடமே கேட்கும். கையெழுத்திடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். நீங்களே பதிவுக் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் அந்த நெருக்கடி இல்லை; எந்த நிறுவனத்துக்கும் எவ்வளவும் திரட்டலாம்.

ஊரில் உள்ள பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ திரட்டலாமா?

நல்ல எண்ணம்தான். உங்கள் வங்கிக் கணக்கில் வாங்கி ஊருக்கு அனுப்பும் வழியை மட்டும் தவிருங்கள். முதல் வருடம் நம்புவார்கள். மூன்றாம் வருடம் யாராவது ஒரு கல்யாண வீட்டில் "அந்தக் காசு என்னாச்சு?" என்று கேட்பார்கள், உங்களிடம் ரசீது இருந்தாலும் அந்தக் கேள்வி ஊரெல்லாம் சுற்றிவிடும். அந்தப் பணிக்கே உதவும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் பிரிட்டனில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவு எண்ணை வைத்து, தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் தேடினால், அறங்காவலர்கள் யார், வரவுசெலவு என்ன, கணக்கைச் சமயத்துக்குத் தாக்கல் செய்தார்களா என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். கணக்குத் தாக்கல் தாமதம் என்று சிவப்பு எழுத்தில் வந்தால், நிறுவனத்தை நடத்துபவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் காரணம் கேளுங்கள்.

தெருவிலோ கடை வாசலிலோ உண்டியல் குலுக்க அனுமதி வேண்டும், பெரும்பாலான ஊர்களில் அதைத் தருவது உள்ளூர் கவுன்சில் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளையும் சேர்க்கலாமா?

குறுந்தூரங்களிலும் அணியாக நீந்தும் பிரிவுகளிலும் சேர்க்கலாம்; நிகழ்வின் வயது விதியைப் பாருங்கள். பெரும்பாலான பொதுக் குளங்களில் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களோடு பெரியவர் ஒருவர் நீரில் இறங்க வேண்டும். பிள்ளையின் பள்ளிப் பெயரையும் முழுப் பெயரையும் பொதுப் பக்கத்தில் போடாதீர்கள்.

முடிக்க முடியாமல் போனால், அல்லது நிகழ்வே ரத்தானால், பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

ஏற்கெனவே போய்ச் சேர்ந்த நன்கொடை பொதுவாக நிறுவனத்திடமே இருக்கும். கொடுத்தவர்களுக்கு நடந்ததை உள்ளபடி எழுதுங்கள்: "22 மைலில் 15 முடித்தேன், தோள் ஒத்துழைக்கவில்லை." திருப்பிக் கேட்பவர்கள் மிக அரிது. யாராவது கேட்டால் நிறுவனத்திடம் பேசச் சொல்லி வழிகாட்டுங்கள், நீங்கள் கைக்காசு கொடுத்து ஈடுகட்ட வேண்டியதில்லை. திறந்த நீரில் ரத்து என்பது எப்போதும் சாத்தியம். 2010-இல் விண்டர்மியரில் நீலப்பச்சைப் பாசியால் கிரேட் நார்த் ஸ்விம்மையே நிறுத்திவிட்டார்கள். அப்படி நேர்ந்தால் அதே தூரத்தை ஊர்க் குளத்தில் நீந்தி, படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

முடிக்காததை முடித்ததாக மட்டும் எழுதாதீர்கள். லெங்த் எண்ணிக்கையை யாரும் சரிபார்க்கப் போவதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

நீந்தி முடித்த பிறகு என்ன வேலை இருக்கிறது?

"முடி, அப்புறம் தருகிறேன்" என்றவர்கள் உண்மையிலேயே கொடுப்பது இப்போதுதான், ஆகவே பக்கத்தை உடனே மூட வேண்டாம். சில வாரம் திறந்தே இருக்கட்டும். ஈரத் தலையோடு எடுத்த படம் ஒன்றையும் மொத்தத் தொகையையும் அனுப்புங்கள். கையில் வந்த ரொக்கத்தையும் காசோலைகளையும் படிவத்தோடு நிறுவனத்துக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள். பிறகு உங்கள் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஊழியர் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தாமும் ஒரு தொகை தரும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு, விண்ணப்பிக்காததால் கிடைக்காமல் போவதுதான் அதிகம். மொத்தத் தொகையை உறுதிசெய்து தொண்டு நிறுவனம் தரும் கடிதத்தை இணைக்கச் சொல்வார்கள். சில இடங்களில் நிகழ்வுக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும் என்பதால், பெயர் கொடுத்த வாரத்திலேயே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.